பாணந்துறை வாதமும் குணானந்த தேரரும்

தம்மத்தைத் தழுவியோர் தம்மை நோக்கி வரும் வினாக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவராவர். அக்கடமையைப் பல்லாயிரவர் முன்னிலையில் ஆற்றிக் காட்டிய பெருமகனார் இலங்கையின் மிகெட்டுவத்தே குணானந்த தேரர்.

1823ஆம் ஆண்டு பிறந்த அவர் இளமையிலேயே துறவு பூண்டார். கொழும்பு, கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விஹாரை அவரது இருப்பிடமாயிற்று. அந்நாளில் கல்விச் சாலைகள் பெரும்பாலும் பாதிரிமார் வசமிருந்தன; பௌத்தத்தை இகழும் பிரசுரங்கள் ஊரெங்கும் பரவின. குணானந்தர் வெகுண்டதோடு நில்லாமல் பைபிளை ஆழக் கற்றார். 1862இல் சங்கமொன்று நிறுவி, மறுப்பு நூல்களை அச்சிட்டுப் பரப்பினார்.

1873 ஆகஸ்டு 26, 28 ஆகிய நாட்களில் பாணந்துறையில் பெருவாதம் நிகழ்ந்தது. எதிர்த்தரப்பில் வெஸ்லியன் பாதிரியார் டேவிட் டி சில்வா முதன்மையாக நின்றார். இரு தரப்பாரும் மாறி மாறி ஒவ்வொரு மணி நேரம் பேசுவதென்பது ஏற்பாடு. ஆன்மா இல்லையெனின் வினைப்பயனை நுகர்பவன் யார்? ஒருவன் செய்த தீவினைக்கு வேறொருவன் துன்புறுவதோ? இதுவே பாதிரியாரின் தலையாய வினா. அவர் பாளி மேற்கோள்களை அடுக்கினார். கூட்டத்தாருட் பலருக்கு அவை விளங்கவில்லை.

குணானந்தரோ எளிய சிங்களத்தில் மறுமொழி பகர்ந்தார். மறுபிறப்பெய்துவோன் முன்னவனே அல்லன். முற்றிலும் பிறனும் அல்லன் என்று தெளிவுறுத்தினார். ஒரு விளக்கினின்று மறு விளக்கை ஏற்றினால், அச்சுடர் பழையதுமன்று, தொடர்பற்றதுமன்று என்று மிலிந்தனுக்கு நாகசேனர் விளக்கியதும் இவ்வுண்மையே. பின்னரே அவர் எதிர்வினா தொடுத்தார்: முற்றறிவுடைய கடவுள் தாம் படைத்ததற்காக மனம் வருந்தினாரென்று பைபிள் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

இறுதி உரை முடிந்ததும் சாது, சாது என்னும் முழக்கம் எழுந்தது. காவலராலும் அடக்க இயலவில்லை. ஹிக்கடுவே சுமங்கல தேரர் வேண்டிக்கொள்ள, குணானந்தர் எழுந்து கையசைத்தார், பெருங்கூட்டம் அமைதியுற்றது. வெற்றியிலும் அடக்கம் தவறாத அக்காட்சி நாம் நினைவிற் கொள்ளத் தக்கது.

வாதத்தின் ஆங்கில அறிக்கை கடல் கடந்து சென்றது. அதனால் ஈர்க்கப்பட்ட ஆல்காட் 1880இல் இலங்கை வந்து பஞ்சசீலம் ஏற்றார். 1890இல் குணானந்தர் மறைந்தார். 1898இல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்ற நம் பண்டிதர் அயோத்திதாசருக்குப் பஞ்சசீலம் அளித்தவர், பாணந்துறை மேடையில் வீற்றிருந்த அதே சுமங்கல தேரரே.

ஆன்மாவும் கடவுளும் இல்லாத மதம் எதற்கு என்று ஆலை வாயிலிலும் தெருமுனையிலும் நம்மைக் கேட்போர் உளர். அவர்தம் நூலையும் நாம் கற்போம். கேட்ட வினாவுக்கு முதலில் விடை கூறுவோம். கேட்போர்க்கு விளங்கும் மொழியிற் கூறுவோம். குணானந்தர் காட்டிய வழி அதுவே.