ரோட்ரிகோ லோபஸ்: மகாராணியின் வைத்தியர்

ஷைலக்கைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. 1940ல் தமிழில் அந்தப் பெயரிலேயே ஒரு படம்கூட வந்தது. ஆனால் ஷைலக்கிற்குப் பின்னால் நிற்பதாகச் சொல்லப்படும் நிஜ மனிதரைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசியதில்லை. அவர் ரோட்ரிகோ லோபஸ்.

போர்ச்சுகல்லில் கிராட்டோ என்ற ஊரில் பிறந்தவர். கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட யூதக் குடும்பம். கொயிம்ப்ராவில் படித்துவிட்டு, மதவிசாரணைக்குத் தப்பி 1559ல் லண்டன் வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290லேயே வெளியேற்றப்பட்டிருந்தனர். எனவே லோபஸ் வெளியில் கிறிஸ்தவர். மாதாகோயிலுக்குப் போனார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் வேலை, பிறகு லெஸ்டர் பிரபுவுக்கு வைத்தியம், 1580களில் எலிசபெத் மகாராணிக்கே தலைமை வைத்தியர் என்று படிப்படியாக உயர்ந்தார்.

வைத்தியத்தோடு நின்றிருக்கலாம். ஐந்தாறு மொழி தெரிந்த மனிதரை அரசியல் விடுமா? போர்ச்சுகல் அரியணைக்கு உரிமை கோரி அகதியாக வந்திருந்த டோம் அந்தோனியோவுக்கும் அரசவைக்கும் நடுவே ஆளானார். ஸ்பெயினோடும் ரகசியத் தொடர்பு. இது ஒற்றர் தலைவர் வால்சிங்கத்துக்குத் தெரிந்தே நடந்தது என்று கருதுவோர் உண்டு. வால்சிங்கம் 1590ல் இறந்துவிட, லோபஸுக்காகச் சாட்சி சொல்ல யாரும் இல்லாமல் போயிற்று. ஸ்பெயின் மன்னரிடமிருந்து வந்த விலையுயர்ந்த நகை ஒன்று மட்டும் சாட்சியாக மிஞ்சியது.

1594 ஜனவரியில் எசெக்ஸ் பிரபு அவர்மீது மகாராணிக்கு விஷம் வைக்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டினார். ராபர்ட் செசில் முதலில் இதை நம்பவில்லை. அதனாலேயே எசெக்ஸுக்கு வெறி ஏறியது. சித்திரவதைக்கு அஞ்சிய கிழவர் ஒப்புக்கொண்டார், பிறகு மறுத்தார். பிப்ரவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. மகாராணி மாதக்கணக்கில் தயங்கினார். ஜூன் 7ம் தேதி டைபர்னில் தண்டனை நிறைவேறியது. தூக்குமேடையில் நின்று, ஏசுவை நேசிப்பது போலவே மகாராணியையும் நேசித்ததாக அவர் சொன்னபோது கூட்டம் சிரித்தது என்று வரலாற்றாசிரியர் காம்டன் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்துகிறது. சாகப்போகிறவனைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

மேடை என்றே எனக்குத் தோன்றுகிறது. கிறிஸ்டோபர் மார்லோவின் 'மால்டாவின் யூதன்' 1590 வாக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதன் நாயகன் பராபஸ், பெற்ற மகள் உட்பட ஒரு கன்னிமடத்தையே கஞ்சியில் விஷம் வைத்துக் கொல்கிறான். இத்தாலியில் வைத்தியம் பார்த்து வெட்டியான்களுக்கு ஓயாமல் வேலை கொடுத்ததாகப் பெருமையும் அடிக்கிறான்! பார்வையாளர்கள் சிரிப்பதற்காகவே எழுதப்பட்ட வில்லன். விஷம் வைக்கும் யூத வைத்தியனை லண்டன்வாசிகள் முதலில் நாடகத்தில்தான் பார்த்தார்கள். நிஜ வைத்தியர் பிறகுதான் அகப்பட்டார். 1594ல் அந்த நாடகம் திரும்பத் திரும்ப மேடையேறி நல்ல வசூல் செய்ததற்கு ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் சான்று.

இரண்டு மூன்று ஆண்டுகளில் ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' எழுதினார். ஷைலக்கிற்கு லோபஸ்தான் மூலம் என்று 1880ல் சிட்னி லீ வாதிட்டார். நேரடி ஆதாரம் கிடையாது. ஷைலக் வைத்தியனும் அல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. பராபஸ் கொதிகொப்பரையில் விழுந்து செத்துப்போகிறான். ஷைலக் சாவதில்லை, கிறிஸ்தவனாக மாறும்படி கட்டளையிடப்படுகிறான். நாடகத்தில் அது கருணை என்று முன்வைக்கப்படுகிறது. லோபஸின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அது கருணையாகப் படுமா? அவர் ஏற்கனவே மாறியவர்தான். ஞானஸ்நானம் பெற்று, முப்பத்தைந்து வருடம் லண்டனில் வாழ்ந்து, அரசியின் நாடி பிடித்த பிறகும், டைபர்னில் நின்றவரை ஊர் யூதனாகத்தான் பார்த்தது.

அவர் ஸ்பெயினிடம் ஆதாயம் தேடியிருக்கலாம். விஷம் வைக்க நினைத்தார் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. மகாராணியும் முழுக்க நம்பியிருக்க மாட்டார். சட்டப்படி அரசுக்குச் சேரவேண்டிய லோபஸின் சொத்தில் பெரும்பகுதியை விதவை சாராவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.