விழாதவனுக்கு யார் எண்ணுவது?

நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகும் நம்ம ஆட்கள் நிறையப் பேருக்கு பென் ஸ்டேஷன் தெரியும். அதன் தலைக்கு மேலேதான் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இருக்கிறது. நானும் தினமும் அந்த வழிதான். ஆனால் பென்னி பரெட் கடைசியாகச் சண்டை போட்டது இந்தக் கட்டடத்தில் இல்லை. எட்டாவது அவென்யூவில், 50ஆம் தெருவை ஒட்டி இருந்த பழைய கார்டனில். அது இப்போது இல்லை.

பரெட் 1937இல் கியூபாவின் சாண்டா கிளாராவில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்த பையன், குத்துச்சண்டையை நம்பி அமெரிக்கா வந்தார். ரொம்ப நுணுக்கமான ஆட்டக்காரர்னு அவரை யாரும் சொல்லவில்லை. எவ்வளவு அடி விழுந்தாலும் தாங்கிக்கொண்டு முன்னேறி வருவார், அதுதான் அவருடைய பெயரும் பிழைப்பும். 1960 மே மாதம் லாஸ் வேகஸில் டான் ஜோர்டனை வென்று வெல்டர்வெயிட் உலக சாம்பியன் ஆனார். அப்போது வயது 23.

அடுத்த வருஷம் ஏப்ரலில் எமில் க்ரிஃபித் அந்தப் பட்டத்தைப் பறித்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான், வர்ஜின் தீவுகளிலிருந்து வந்து நியூயார்க்கில் தொப்பி செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். 1961 செப்டம்பர் 30இல் பரெட் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். அதோடு ஓய்வெடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். டிசம்பர் 9இல் தன்னைவிட எடை கூடிய பிரிவுக்குப் போய், ஜீன் ஃபுல்மரிடம் மோசமாக அடிவாங்கி பத்தாவது ரவுண்டில் தோற்றார். அடுத்த மார்ச் 24இல் மறுபடியும் க்ரிஃபித். ஆறு மாதத்துக்குள் இப்படி மூன்று சண்டை. ஒரு சண்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உடம்பு தேறிவிட்டதா என்று யாராவது கறாராகப் பார்த்தார்களா என்பதே முதல் கேள்வி.

1962 மார்ச் 24 சண்டை டிவியில் நேரடியாக ஓடியது. எடை பார்க்கும்போது பரெட் க்ரிஃபித்தைக் கேவலமாகச் சீண்டியிருந்தார், அந்தக் கோபமும் ரிங்கில் இருந்தது. ஆறாவது ரவுண்டில் பரெட் அடித்து க்ரிஃபித் கீழே விழுந்தார். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் அவருக்கு எண்ணினார், மணியும் அடித்தது. விழுந்தவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது.

பன்னிரண்டாவது ரவுண்டில் நிலைமை தலைகீழ். பரெட் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டார். கயிறும் மூலைக் கம்பமும் தாங்கிப் பிடித்ததால் அவர் விழவில்லை. விழாததால் எண்ணிக்கையும் இல்லை. கைகள் தொங்கிப் போன பிறகும் அடி விழுந்துகொண்டே இருந்தது. கோல்ட்ஸ்டீன் க்ரிஃபித்தைப் பிடித்து இழுத்தபோது அந்த ரவுண்டில் 2 நிமிடம் 9 வினாடி ஆகியிருந்தது. பரெட் மெதுவாகச் சரிந்தார். அதன்பின் நினைவு திரும்பவே இல்லை. ஏப்ரல் 3இல் இறந்தார். வயது 25. வயிற்றில் குழந்தையோடு மனைவி, சின்னப் பையன் ஒருவன்.

கோல்ட்ஸ்டீனை எல்லோரும் திட்டினார்கள். விசாரணை நடந்தது, அவர் மேல் தவறு இல்லை என்று முடித்தார்கள். அவரும் முன்னாள் குத்துச்சண்டை வீரர், அனுபவசாலி. பரெட் அடிவாங்கிக்கொண்டே இருந்துவிட்டு திடீரென்று திருப்பி அடிப்பவர் என்ற பெயர்தான் அவரைக் காத்திருக்க வைத்தது என்று பலர் சொன்னார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ரிங்குக்குள் நிற்கும் நடுவருக்கு அப்போது இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, சண்டை தொடரட்டும் என்று விடுவது. இன்னொன்று, உலகப் பட்டச் சண்டையை அங்கேயே முடிப்பது. நடுவில் ஒரு படி இல்லை.

அந்த நடுப்படிதான் ஸ்டாண்டிங் கவுன்ட். வீரர் விழாவிட்டாலும், நிலை தடுமாறினால் நடுவர் சண்டையை நிறுத்தி எட்டு வரை எண்ணலாம். 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ, ரே மான்சினியோடு மோதி இறந்த பிறகு பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறையத் தொடங்கின. பல இடங்களில் ஸ்டாண்டிங் கவுன்ட்டும் நடைமுறைக்கு வந்தது. பிறகு அமெரிக்காவில் தொழில்முறைச் சண்டைக்கான பொது விதிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கயிறு மட்டும்தான் தாங்குகிறது என்றால் விழுந்ததாகக் கணக்கு வைத்து எண்ணலாம், அவ்வளவுதான். அமெச்சூர் சண்டையில் நின்றவருக்கு எண்ணுவது இன்றைக்கும் உண்டு.

எடுத்ததற்குச் சொல்லும் காரணம் லேசானதல்ல. அடிபட்டவருக்கு எட்டு வினாடி கொடுத்தால், அவர் தேறி இன்னும் அதிகமாக அடி வாங்குவார். அடித்தவரின் உழைப்பும் வீணாகும். முடியாதவர் என்றால் சண்டையை நிறுத்திவிட வேண்டியதுதானே?

நியாயமான கேள்விதான். ஆனால் பரெட்டின் கதையைப் படித்தபின் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த எட்டு வினாடி வீரருக்கு மட்டும் இல்லை, நடுவருக்கும் சேர்த்துத்தான். கண்ணைப் பார்க்கலாம், கால் நிற்கிறதா என்று பார்க்கலாம், பேரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்படியே அணைக்கப் பயப்படுகிறவன்கூட, கொஞ்சம் நிறுத்திப் பார்க்கச் சொன்னால் தயங்க மாட்டான். அதனால் ஸ்டாண்டிங் கவுன்ட் திரும்ப வரவேண்டும், ஒரு நிபந்தனையோடு: ஒரு சண்டையில் ஒருவருக்கு ஒரே முறை. இரண்டாவது முறை தேவைப்பட்டால் சண்டை முடிந்தது.

பரெட்டின் மகன் வளர்ந்து, பல வருஷம் கழித்து க்ரிஃபித்தை நேரில் சந்தித்தார். 2005இல் வந்த ஆவணப்படத்தில் அது இருக்கிறது. க்ரிஃபித் அந்த ராத்திரியைக் கடைசிவரை சுமந்தவர். எட்டு வினாடி கிடைத்திருந்தால் பரெட் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் அவர் முகத்தை நின்று பார்த்திருப்பார், அது நிச்சயம்.

இங்கே நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் பாக்ஸிங் கிளப்பில் சேருகிறார்கள். சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவு, நேரம் என்ன என்று கேட்கிறோம். பையன் விழாமல் நின்றுகொண்டே அடிவாங்கினால் யார் நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.