மக்களுக்கான மருந்துக் கொள்கையும் பேராசிரியர் சேனக பிபிலேயும்

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் நோயாளரிடம் பொதுவாகக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. வைத்தியரைக் காண்பதற்கோ, விடுதியில் தங்குவதற்கோ, சத்திரசிகிச்சைக்கோ ஏழை எளியவர்கள் பணம் தேடி அலைய வேண்டியதில்லை. இது நாம் பெருமைப்படத்தக்க விடயமே. ஆயினும், விடுதியிலிருந்து வெளியே வரும் உறவினரின் கையில் மருந்தை வெளியே வாங்கிவருமாறு எழுதிய துண்டு ஒன்று இருக்குமாயின், அந்த இலவச சேவை வைத்தியசாலையின் வாயிலோடு முடிந்துவிடுகின்றது. அன்றாடம் கூலிக்குச் செல்லும் ஒருவர் எதிரேயுள்ள பாமசியில் விலையைக் கேட்டுவிட்டு, மூன்று நாளைக்கு எழுதப்பட்ட மருந்தை ஒரு நாளைக்கு மட்டும் வாங்கிச் செல்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

சுகாதாரத்துக்கென அரசாங்கம் ஒதுக்கும் நிதி மக்களைச் சென்றடைவதா இல்லையா என்பது பெருமளவுக்கு மருந்துக் கொள்வனவிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இந்த உண்மையை அரை நூற்றாண்டுக்கு முன்னரே விளங்கிக்கொண்டு, அதற்கான பரிகாரத்தையும் செயலிற் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். அவரது பெயரை எமது அரசியல்வாதிகள் மேடைகளில் அடிக்கடி உச்சரிக்கின்றனர். ஆனால் அவர் செய்தது என்ன என்பதை இளந்தலைமுறையினர் போதியளவு அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

ஊவா மாகாணத்தின் பிபிலைப் பகுதியைச் சேர்ந்த வசதிமிக்க குடும்பமொன்றில் 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி சேனக பிபிலே பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற பின்னர் கொழும்பு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1945இல் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். அவரையொத்த திறமைசாலிகள் தனிப்பட்ட வைத்தியத் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டிய காலம் அது. அவரோ மருந்தியலைத் தமது துறையாகத் தெரிந்துகொண்டார். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டு 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்று நாடு திரும்பிய அவர், 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியரானார். பிற்காலத்தில் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் கடமையாற்றினார். அரசியலில் அவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தும் இடதுசாரிக் கொள்கையை வரித்துக்கொண்டவர்.

மருந்தியலைக் கற்பித்த பிபிலே, ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுவதைக் கவனிக்கத் தவறவில்லை. காய்ச்சலுக்கு நாம் உட்கொள்ளும் பரசிற்றமோலை எடுத்துக்கொள்வோம். பரசிற்றமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது ஒரு கம்பனி அதற்குச் சூட்டிய வணிகப்பெயர். நோயைத் தணிப்பது மருந்தேயன்றி அதன் வணிகப்பெயர் அல்ல. எனினும் வைத்தியர் வணிகப்பெயரை எழுதும்போது நோயாளி மருந்தின் விலையோடு விளம்பரச் செலவையும் சேர்த்தே செலுத்துகின்றார். அக்காலத்தில் அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துகள் பெரும்பாலும் பொதுப்பெயரிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கப்பட்டன. தனியார் துறையினரோ அதே மருந்துகளை வணிகப்பெயரிற் பன்மடங்கு விலைகொடுத்து இறக்குமதி செய்தனர். இரண்டுக்குமான அந்நியச் செலாவணி நாட்டின் ஒரே கருவூலத்திலிருந்தே வெளியேறியது.

1950களின் பிற்பகுதியிலிருந்து, வைத்தியசாலைகளுக்கான மருந்துப் பட்டியலை ஒழுங்குபடுத்தும் குழுவில் பிபிலே முன்னின்று உழைத்தார். ஒவ்வொரு மருந்தையும் எடுத்து, அது உண்மையிற் பயன் தருகின்றதா, அதைவிடப் பாதுகாப்பான, மலிவான வேறொன்று உண்டா என்ற கேள்விகளை அக்குழு எழுப்பியது. அவற்றுக்கு விடைகூற முடியாத மருந்துகள் கைவிடப்பட்டன. மருந்துக் கம்பனிகளின் பிரதிநிதிகள் கொண்டுவரும் பிரசுரங்களையே வைத்தியர்கள் நம்பியிருக்கலாகாது என்பதால், பக்கச்சார்பற்ற தகவல்களை அவர்களுக்கு வழங்கும் வெளியீடுகளிலும் அவர் பங்காற்றினார்.

1970இல் பதவிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கடுமையான அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டை எதிர்நோக்கியது. மருந்து இறக்குமதியைக் குறைத்தாக வேண்டும். ஆனால் நோயாளியைக் கைவிடலாகாது என்ற இக்கட்டான நிலையில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ்.ஏ.விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து 1971இல் அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தனர். அதன் பயனாக அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதலாவது தலைவராக பிபிலே நியமிக்கப்பட்டார்.

கூட்டுத்தாபனம் கையாண்ட வழி சிக்கலானதன்று. தனியார் துறையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. நாடு முழுவதுக்கும் தேவையான அளவைத் திரட்டி, உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. சில்லறையாகப் பல இறக்குமதியாளர் வாங்கும்போது விற்பவர் சொல்வதே விலை. ஒரு நாடு ஒரே கையாக வாங்கும்போது விற்பவர்கள் தமக்குள் போட்டியிட வேண்டியதாயிற்று. மருந்துகள் பொதுப்பெயரில் வழங்கப்பட்டன. உள்நாட்டிலே மாத்திரைகளையும் கூடுகளையும் தயாரித்த கம்பனிகளுக்கான மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே மலிவான இடத்திலிருந்து வாங்கிக் கொடுக்க முற்பட்டது. மலிவு என்பது தரக்குறைவு ஆகிவிடக்கூடாது என்பதிலும் பிபிலே கண்ணுங்கருத்துமாக இருந்தார். தரப் பரிசோதனை அவரது திட்டத்தின் பிரிக்கமுடியாத பகுதியாகும்.

இத்தகைய மாற்றம் எதிர்ப்பின்றி நிறைவேறியிருக்க முடியாது. பல்தேசியக் கம்பனிகள் மட்டுமன்றி, உள்நாட்டு வைத்தியர்களில் ஒரு சாராரும் இதனை எதிர்த்தனர். எந்த மருந்தை எழுதுவது என்பது தமது தொழிற் சுதந்திரம் என அவர்கள் வாதிட்டனர். இந்த இழுபறி எந்த அளவுக்குச் சென்றது என்பதை 1974ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று காட்டுகின்றது. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் இணைந்து எழுதி 1977இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அது பதிவாகியுள்ளது. கொலரா நோய்க்குத் தேவையான டெட்ராசைக்ளின் மருந்தின் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் ஜேர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்திடம் வாங்கியிருந்தது. அதனைக் கூடுகளில் அடைத்துத் தருமாறு, இங்கு ஆலை வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான பைசரிடம் கேட்கப்பட்டது. அந்நிறுவனம் அதற்கு உடன்படவில்லை. முடிவில், தயாரித்த மருந்தை அதிக செலவில் விமானமூலம் தருவிக்க நேர்ந்தது. நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரடியாகத் தலையிட்டதாகவும் அக்கட்டுரை தெரிவிக்கின்றது.

இலங்கையின் அனுபவத்தை ஏனைய வறிய நாடுகளுக்கும் எடுத்துச்செல்லும் பொருட்டு, பிபிலே பின்னர் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பான அங்க்டாட்டிற் பணியாற்றினார். அப்பணிக்காகத் தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் தங்கியிருந்தபோது 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 57. சில வாரங்களின் பின்னர், ஒக்டோபர் மாதத்தில், உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு ஜெனீவாவிற் கூடி, அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலை வகுத்தது. ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட அப்பட்டியலின் அடிப்படை நோக்கம், பிபிலே இங்கு நடைமுறைப்படுத்திய கொள்கையேயாகும். 1982இல் பங்களாதேஷும் தனது ஔடதக் கொள்கையில் அதே திசையிற் சென்றது.

ஆனால் அவர் பிறந்த மண்ணில் நிகழ்ந்தது வேறு. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்டதும், தனியார் துறைக்கான இறக்குமதியிற் கூட்டுத்தாபனம் கொண்டிருந்த தனியுரிமை நீங்கியது. வணிகப்பெயர்கள் மீண்டும் பெருகின. கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல விற்பனை நிலையங்களும் எஞ்சின; 1987இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. இவற்றால் மக்கள் பயனடைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கொள்கை முழுவதையும் தாங்கி நிற்கும் சட்டம் ஒன்று இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்தின் தயவிலும் ஒரு மனிதரின் திறமையிலும் தங்கியிருந்த ஏற்பாடு, அந்த அரசாங்கமும் அந்த மனிதரும் இல்லாதபோது தளர்ந்துபோனதில் வியப்பில்லை. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இல் நிறைவேறும்வரை, அவரது மறைவின் பின் 38 ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்தத் தாமதத்தின் சுமையைத் தாங்கியவர்கள் யார்? தனியார் வைத்தியசாலைகளை நாடக்கூடியவர்கள் அல்லர். அரச மருந்தகத்தைத் தவிர வேறு கதியற்றவர்களே. யுத்த காலத்தில் வடக்கு, கிழக்கு மக்கள் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்து அறிந்தவர்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கும், வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்த தமிழ் மக்களுக்கும் அத்தியாவசிய மருந்து என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. தோட்டப்புறத்துத் தொழிலாளியின் நிலையும் இதுவே. சேனக பிபிலே சிங்கள மக்களுக்கு மாத்திரம் உரியவர் அல்லர் என்று நாம் கூறுவது இதனாலேயே ஆகும்.

சட்டம் வந்த பின்னராவது நிலைமை சீரடைந்ததா? 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டமை ஒரு நல்ல ஆரம்பமாக அமைந்தது. ஆனால் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, பிபிலே ஒருகாலத்திற் பணியாற்றிய பேராதனையிலேயே, போதனா வைத்தியசாலையில் திட்டமிடப்பட்ட சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் இடைநிறுத்தப்பட்டன. நெருக்கடியைக் காரணங்காட்டி அவசரக் கொள்வனவுகளுக்கு வழிவிடப்பட்டது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்து கொள்வனவு செய்யப்பட்ட விவகாரம் வெடித்தது. அது தொடர்பில் 2024 பெப்ரவரியில், சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதுசெய்யப்பட்டார்.

1971ஆம் ஆண்டிலும் கருவூலம் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வெறுமையே, எந்த மருந்து தேவை, அதனை எங்கே மலிவாகவும் தரமாகவும் பெறலாம் என்று ஆராய பிபிலேயைத் தூண்டியது. 2022இன் நெருக்கடியோ, பதிவும் பரிசோதனையும் இல்லாமல் வாங்குவதற்கான சாட்டாக மாறியது. பணப் பற்றாக்குறை இரு காலங்களுக்கும் பொதுவானது. அறிவும் நேர்மையுமே வேறுபட்டன.

சுகாதாரத்துக்கான நிதி ஒதுக்கீட்டை அதிகரிக்குமாறு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்போது கோரிக்கை விடுக்கப்படுகின்றது. அது நியாயமான கோரிக்கையே. ஆயினும் அந்த நிதியைக் கொண்டு எதனை, யாரிடம், என்ன விலைக்கு, எத்தகைய பரிசோதனையின் பின் வாங்குகின்றோம் என்பதையும் பாராளுமன்றமும் மக்களும் கேட்டாக வேண்டும். கேள்விப்பத்திர விபரங்களும் தரப் பரிசோதனை முடிவுகளும் பகிரங்கப்படுத்தப்படுதல் அவசியம். வைத்தியர்கள் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதுவதும், அதனை நோயாளர் தயக்கமின்றிக் கேட்டுப்பெறுவதும் வழமையாக வேண்டும்.

பிபிலேயின் உருவப்படத்துக்கு மாலையிடுவது எளிது. ஆனால், வெளியிலிருந்து மருந்து வாங்கிவருமாறு துண்டு எழுதவேண்டிய அவசியமில்லாத அரச வைத்தியசாலையை மக்களுக்கு வழங்குவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும். அதனை வழங்குமாறு ஆட்சியாளர்களை வற்புறுத்தும் பொறுப்பு எமக்கும் உண்டு.