கம்பெனி மூழ்கினாலும் காலேஜ் மூடக் கூடாது! - சிங்கப்பூர் 'ரப்பர் கிங்' டான் கா கீ கதை

சிங்கப்பூருக்கு டூர் போனவர்கள் டவுன்டவுன் லைன் ரயிலில் 'டான் கா கீ' என்ற ஸ்டேஷனைக் கடந்திருப்பீர்கள். 2015 டிசம்பரில் திறந்த ஸ்டேஷன். காலை நேரத்தில் ஸ்கூல் யூனிஃபார்ம் கூட்டம் அள்ளும். பக்கத்திலேயே பெரிய பெரிய பள்ளிகள். அதில் ஒன்றை ஆரம்பித்தவரின் பெயரைத்தான் அந்த ஸ்டேஷனுக்கு வைத்திருக்கிறார்கள்.

யார் இந்த டான் கா கீ? சீனாவில் பிறந்து, சிங்கப்பூரில் கோடி கோடியாகச் சம்பாதித்து, அதை ரெண்டு ஊருக்குமே பள்ளிக்கூடமாக மாற்றிய மனிதர். நடுவில் மொத்தமாகத் திவாலாகும் நிலைக்கும் போனார். அப்போது அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

16 வயதில் கப்பல்

1874-ல், தென்சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஜிமெய் என்ற கடலோர மீனவ கிராமத்தில் பிறந்தார் டான். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு அப்போது ரெண்டே வழிதான். ஒன்று மீன்பிடி, இன்னொன்று கடல் தாண்டி வேலை. அவருடைய அப்பா ஏற்கெனவே சிங்கப்பூரில் அரிசி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1890-ல், 16 வயதில், மகனும் கப்பல் ஏறினார். கடையில் கணக்கு வழக்கைக் கற்றுக்கொண்டார்.

அம்மா இறந்ததால் ஊருக்குப் போனவர், 1903-ல் சிங்கப்பூர் திரும்பியபோது பெரிய ஷாக். அப்பாவின் வியாபாரம் மொத்தமாக விழுந்து, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அப்பா வாங்கிய கடனை மகன் அடைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் எதுவும் இல்லை. நைஸாக ஒதுங்கியிருக்கலாம். டான் ஒதுங்கவில்லை. தனியாகத் தொழில் தொடங்கி, 1907-ல் கடன்காரர்களைத் தேடிப்போய்ப் பேசி, கணக்கை முடித்தார். சிங்கப்பூர் வியாபாரிகள் மத்தியில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது அப்போதுதான்.

அன்னாசிக்கு நடுவே ரப்பர்

1904-ல் அவர் ஆரம்பித்தது அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் ஃபேக்டரி. சீக்கிரமே சொந்தமாக அன்னாசித் தோட்டமும் போட்டார். 1906-ல் மலாக்காவில் ஒரு சீன வியாபாரியிடம் ரப்பர் விதைகளை வாங்கிவந்து, அன்னாசிச் செடிகளுக்கு இடையிலேயே ஊன்றினார். ரப்பர் மரம் பால் கொடுக்கச் சில வருஷம் ஆகும். அதுவரைக்கும் அன்னாசி சோறு போடும். சிம்பிளான கணக்கு!

உலகத்தில் கார்கள் பெருகப் பெருக, டயருக்கு ரப்பர் தேவை எகிறியது. மலாயா ரப்பர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போய் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் ஊர்க்காரர்கள்தான். அந்தத் தொழிலின் இன்னொரு முனையில் டான் மாதிரியான முதலாளிகள் இருந்தார்கள்.

முதல் உலகப் போரில் கப்பல் கிடைக்காமல் எல்லோரும் திண்டாட, டான் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். பிறகு சொந்தமாகவே ரெண்டு வாங்கினார். ரெண்டுமே மத்தியதரைக் கடலில் தாக்கப்பட்டு மூழ்கின. ஆனால் இன்ஷூரன்ஸ் இருந்ததால் பணம் கைக்கு வந்தது. அதை ரப்பரில் போட்டார். மற்றவர்கள் ரப்பரை ஷீட்டாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்தில், இவர் சிங்கப்பூரிலேயே ஷூவும் டயரும் தயாரித்தார். 1920-களின் நடுவில் அவரிடம் வேலை பார்த்தவர்கள் 10,000 பேருக்கும் மேல்.

ரெண்டு ஊருக்கும் ஸ்கூல்

இவ்வளவு பணம் வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? டான் முதலில் செய்தது, சொந்த ஊரில் ஒரு குளத்தைத் தூர்த்தது. 1913-ல் ஜிமெய்யில் மீன் குளம் இருந்த இடத்தை மேடாக்கி, அங்கே ஆரம்பப் பள்ளி கட்டினார். 1917-ல் பெண் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. 1918-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. மீனவ ஊராச்சே, 1920-ல் கடல் தொழில் படிக்கவும் ஒரு பள்ளி. ஊரே ஒரு கேம்பஸ் ஆனது.

அடுத்து, யூனிவர்சிட்டி. ஃபூஜியன் மாகாணத்தில் உயர்கல்விக்கு வழியில்லை என்பது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. 1919-ல், அந்தக் கால 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அப்போது அவரிடம் இருந்த மொத்த சொத்துக்கே கிட்டத்தட்ட சமமான தொகை அது. 1921 ஏப்ரலில் சியாமென் பல்கலைக்கழகம் தொடங்கியது.

அப்போ, சம்பாதித்தது சிங்கப்பூரில், கொடுத்தது எல்லாம் சீனாவுக்கா? அதுதான் இல்லை. சிங்கப்பூரில் 1906-ல் தொடங்கிய தாவ் நான் பள்ளியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பள்ளியின் பழைய கட்டடம்தான் இன்றைக்கு டூரிஸ்ட்கள் போட்டோ எடுக்கும் பெரனாக்கன் மியூசியம். 1919-ல் அவர் முன்னின்று தொடங்கியது, சிங்கப்பூரின் முதல் சீன உயர்நிலைப் பள்ளி. அங்கிருந்த சீனர்கள் அதுவரை ஊர்வாரியாக, பேச்சுமொழிவாரியாகப் பிரிந்து தனித்தனிப் பள்ளி நடத்தினார்கள். எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காரட்டும் என்று இந்தப் பள்ளியின் கதவைத் திறந்துவைத்தார். கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கும் நிதி கொடுத்தார்.

அந்த முடிவு

1929. உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. போதாக்குறைக்கு ஜப்பானிலிருந்து விலை குறைந்த ஷூக்கள் வந்து குவிந்தன. விரிவாக்கத்துக்காக வாங்கிய வங்கிக் கடன் டானின் தலைமேல் நின்றது. 1931-ல் கடன் கொடுத்த வங்கிகள் கம்பெனிக்குள் வந்து உட்கார்ந்தன. ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நெருக்கடி.

பிசினஸ் லாஜிக்படி பார்த்தால் அது நியாயமான கோரிக்கைதான். டான் வேறு மாதிரி யோசித்தார். கம்பெனியை மூடினால் இன்னொரு கம்பெனி வரும். பல்கலைக்கழகத்தை ஒருமுறை மூடிவிட்டால் மறுபடி திறப்பது நடக்காத காரியம். குடும்பத்துக்காக வைத்திருந்த பெரிய வீடுகளை விற்றுப் பணம் அனுப்பினார். 1934-ல் கம்பெனி மூடப்பட்டது. பல்கலைக்கழகம் நடந்துகொண்டே இருந்தது. அவரால் இனி தாங்கவே முடியாது என்ற நிலையில், 1937-ல் அதை அப்படியே சீன அரசிடம் ஒப்படைத்தார். பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை.

இது சரியான முடிவுதானா? அவருடைய ஃபேக்டரியை நம்பியிருந்த குடும்பங்களின் பக்கம் நின்று பார்த்தால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வராது. கம்பெனி விழுந்ததற்குக் காரணம் நன்கொடை மட்டும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அவரிடம் வேலை கற்றவர்கள் வீணாகப் போகவில்லை. மருமகன் லீ கொங் சியான் தனியாக ரப்பர் தொழில் தொடங்கிப் பெரிய செல்வந்தர் ஆனார். சிங்கப்பூரின் தேசிய நூலகத்துக்குப் பணம் கொடுத்தபோது, அனுமதி இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழிகளிலும் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டவர் அவர். டானிடம் வேலை பார்த்த இன்னொருவரான டான் லார்க் சை, 1950-களில் நன்யாங் பல்கலைக்கழகத்தை உருவாக்க முன்னின்றார்.

3,200 டிரைவர்கள்

1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்தது. கம்பெனியை இழந்த டானிடம் அப்போது மிச்சமிருந்தது அவருடைய பேருக்கு இருந்த மரியாதை மட்டும்தான். அதை வைத்தே தென்கிழக்கு ஆசியா முழுக்க இருந்த சீனர்களை ஒன்றாகத் திரட்டினார். 1938-ல் உருவான நிவாரண நிதிக் கூட்டமைப்புக்கு அவர்தான் தலைவர். கூலித் தொழிலாளி முதல் பேங்க் முதலாளி வரை காசு கொடுத்தார்கள்.

சீனத் துறைமுகங்கள் ஜப்பான் கைக்குப் போனதும், பர்மாவிலிருந்து மலை வழியாகச் செல்லும் ஒற்றை ரோடுதான் சரக்குக்கு வழி. லாரி இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. டான் அழைப்பு விடுத்தார். 1939-ல் மலாயா, சிங்கப்பூர் பக்கமிருந்து 3,200-க்கும் மேற்பட்ட டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கிளம்பிப் போனார்கள். குண்டுவீச்சிலும், மலேரியாவிலும், மலைச்சரிவு விபத்துகளிலும் 1,000 பேருக்கும் மேல் திரும்பவே இல்லை. தாய்நாட்டுப் பாசம் என்று நாம் ஈஸியாகச் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் அந்த உயிர்களும் இருக்கின்றன.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, டான் அவர்களின் தேடுதல் பட்டியலில் இருந்தார். ஜாவா தீவுக்குத் தப்பி, போர் முடியும்வரை அங்கே ஒளிந்து வாழ்ந்தார். அந்த நாள்களில்தான் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதினார்.

ஒரு ஊரை விட வேண்டிய நேரம்

போருக்குப் பிறகு உலகம் ரெண்டாகப் பிளந்தது. 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. டான் அதை வெளிப்படையாக ஆதரித்தார். சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷாருக்கோ கம்யூனிஸம் என்றாலே அலர்ஜி. ரெண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் கால் வைத்து நிற்க முடியாத காலம் வந்துவிட்டது. 1950-ல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார். 60 வருஷம் வாழ்ந்த ஊர். மகளும் மருமகனும் அங்கேயே இருந்தார்கள்.

ஜிமெய்யில் போரில் இடிந்த பள்ளிகளைத் திரும்பக் கட்டுவதிலேயே கடைசிக் காலம் போனது. 1961-ல் இறந்தபோது, கையில் இருந்த சேமிப்பு முழுவதும் பொதுக் காரியங்களுக்குத்தான். பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை.

திரும்பி வந்த யூனிவர்சிட்டி

வெளிநாட்டில் செட்டில் ஆனவர்கள் சொந்த ஊருக்குப் பணம் அனுப்புவது நமக்குப் புதுசு இல்லை. ஊருக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள். கோயிலுக்கோ, கல்யாண மண்டபத்துக்கோ கல்வெட்டில் பெயர் இருக்கும். டான் அனுப்பிய பணம் வகுப்பறை ஆனதால், அவருக்கும் தெரியாத ஒரு விஷயம் பின்னால் நடந்தது.

2016-ல் சியாமென் பல்கலைக்கழகம் வெளிநாட்டில் தன் முதல் கேம்பஸைத் திறந்தது. எங்கே தெரியுமா? மலேசியாவில், கோலாலம்பூர் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பாங் பகுதியில். மலாயா மண்ணில் விளைந்த ரப்பர் காசில் சீனாவில் எழுந்த பல்கலைக்கழகம், 95 வருஷம் கழித்து அதே மண்ணுக்குப் பாடம் நடத்த வந்திருக்கிறது.