ஆற்றுக்கு விண்ணப்பம் போட்ட துணி வியாபாரி

ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அப்படியே நடந்து பக்கத்துப் பழைய கடைத்தெருவுக்குக் காப்பி குடிக்கப் போகிறவர்கள் நிறைய பேர். சுவரோவியங்கள், புதுப்பித்த கடைவீடுகள், விறகு அடுப்பில் சுட்ட வாழைப்பழ கேக்குக்கு நிற்கும் வரிசை. பெக்கான் நானாஸிலிருந்து என் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். அவர்கள் எடுத்த படத்தில் தெருப் பெயர்ப்பலகை தெளிவாக விழுந்திருந்தது: ஜாலான் தான் ஹியோக் நீ. இவர் யார் சார் என்று ஒரு மாணவி கேட்டாள். பழைய காலத்துச் சீனப் பணக்காரர் என்று சொல்லி அப்போதைக்குச் சமாளித்தேன்.

அந்தப் பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டுப் பழைய பிஸ்கட் டின்னும் அதற்குள் இருந்த அப்பாவின் தாளும்தான் நினைவுக்கு வந்தன. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தான் ஹியோக் நீ 1827இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், தியோச்சூ மக்கள் வாழும் பகுதியில் பிறந்தவர். வறுமை தாங்காமல் இளம் வயதிலேயே கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். தோளில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். நம் ஊர்த் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் சைக்கிளில் சேலை கொண்டுவந்த வியாபாரிகளை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டால் சொல்வார்கள். ஏறக்குறைய அதே பிழைப்பு.

அவர் துணி விற்கப் போன இடங்களில் ஒன்று தெலுக் பிளாங்கா. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிமின் குடும்பம் அப்போது சிங்கப்பூரில் அந்தப் பகுதியில்தான் இருந்தது. தெமெங்கோங்கின் மகன் அபு பக்கார் 1833இல் பிறந்தவர். துணி வியாபாரியைவிட ஆறு வயது இளையவர். அரண்மனை வாசலில் துணி விரிக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என்று சொல்லப்படுகிறது. உடன்பிறவாச் சகோதரர்களாகச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, பழக்கம் உண்மை. இவர் வாழ்க்கையில் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் பழக்கம் இருந்தது.

அந்தக் கால ஜொகூரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சாலை கிடையாது. ஜொகூர் பாரு என்ற நகரமே இல்லை. தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் அது உருவானது 1855இல். இன்றைய பெயர் வந்தது 1866இல். நீரிணையைத் தாண்டினால் காடு, காட்டுக்குள் நுழைய ஆறு. அவ்வளவுதான். சிங்கப்பூரிலோ மிளகும் காம்பிரும் பயிரிட்டு மண் களைத்துப்போயிருந்தது. புதிய மண்ணைத் தேடிச் சீன விவசாயிகள் நீரிணையைக் கடக்கத் தொடங்கினார்கள். தெமெங்கோங்கிடம் நிலம் இருந்தது, ஆள் இல்லை. இவர்களிடம் ஆள் இருந்தது, நிலம் இல்லை.

காம்பிர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். வெற்றிலை போடும் பாட்டியிடம் கேளுங்கள், கத்தக்காம்பு என்பார். செடியின் இலையைப் பெரிய சட்டியில் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கெட்டியானதும் கட்டிகளாக நறுக்குவார்கள். வெற்றிலைக்குப் போனது கொஞ்சம்தான். பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத் தோல் பதனிடவும் சாயமிடவும் போயிற்று. காய்ச்சிய பிறகு மிஞ்சிய இலைச் சக்கை பக்கத்து மிளகுக் கொடிகளுக்கு உரமானது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அடுப்பு எரியக் காடு வேண்டும். சில ஆண்டுகளில் சுற்றியிருந்த மரமும் தீர்ந்துவிடும், மண்ணும் சத்திழந்துவிடும். தோட்டத்தைப் போட்டுவிட்டு ஆற்றின் மேற்பக்கமாக நகர வேண்டியதுதான்.

இங்கேதான் அந்தத் தாள் வருகிறது. நிலம் வேண்டுபவர் தெமெங்கோங்கிடம் இத்தனை ஏக்கர் தாருங்கள் என்று கேட்டதில்லை. அளப்பதற்கு ஆளும் கிடையாது, கருவியும் கிடையாது. ஆற்றின் பெயரைச் சொல்லி, அந்த ஆற்றைத் தாருங்கள் என்று கேட்டார்கள். அரசர் முத்திரையோடு ஜாவி எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். அதற்குப் பெயர் சூராட் சுங்கை, அதாவது ஆற்றுக் கடிதம். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவை 1844ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கடிதம் பெற்றவர் காங்சு, ஆற்றின் தலைவர். படகு போய்ச் சேரக்கூடிய இடத்தில் அவர் அமைத்த குடியிருப்பு கங்கார். (காங்சுவையும் நம் கங்காணியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒலி மட்டும்தான் கிட்டத்தட்ட ஒன்று.)

ஆறு ஏன் அவ்வளவு முக்கியம்? அரிசி உள்ளே வருவது ஆற்றில். காம்பிரும் மிளகும் வெளியே போவது ஆற்றில். ஆள் வருவதும் தப்பி ஓடுவதும் ஆற்றில். படகுத்துறை யார் கையில் இருக்கிறதோ, அந்த ஆற்றங்கரையில் வெட்டப்பட்ட ஒவ்வொரு தோட்டமும் அவர் கையில். அதனால் ஆற்றுக் கடிதத்தில் நிலமும் நீரும் ஒன்றாகவே கிடைத்தன. அவற்றோடு வேறு சிலவும் சேர்ந்து வந்தன. அந்த எல்லைக்குள் அபின் விற்க, சாராயம் விற்க, சூதாட்டம் நடத்த, அடகுக் கடை வைக்க, பன்றி அறுத்து விற்க காங்சுவுக்கே உரிமை. உண்மையான பணம் அவற்றில்தான் இருந்தது.

தான் ஹியோக் நீ தன் முதல் ஆற்றுக் கடிதத்தைப் பெற்றபோது இருபதுகளில் இருந்தார். துணி மூட்டை சுமந்தவருக்கு ஆறு கிடைத்துவிட்டது. ஒரு கடிதம் கையில் வந்தால் அதை வைத்துச் சிங்கப்பூர்த் தவுக்கேக்களிடம் முன்பணம் வாங்கலாம். அதைக் கொண்டு ஆள் சேர்க்கலாம். விளைச்சல் வந்ததும் அடுத்த ஆற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கடிதத்தை விற்கலாம், அடகு வைக்கலாம், பங்கு பிரிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப் போகலாம். இந்தக் கணக்கை அவரளவுக்கு வேகமாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. ஆறு மேல் ஆறாகச் சேர்த்தார். 1860களில் தெப்ராவ் ஆறும் அவரிடம் வந்தது. அது லேசான விஷயமில்லை. ஙீ ஹெங் சங்கத்தின் தலைவரான தான் கீ சூன் திறந்த ஆறு அது. ஜொகூர்ச் சீனர்களின் அதிகார மையமே அதுதான்.

1862இல் தெமெங்கோங் இப்ராகிம் காலமானார். அபு பக்கார் ஆட்சிக்கு வந்தார். 1868இல் மகாராஜா பட்டம், 1885இல் சுல்தான் பட்டம் என்று அவர் உயர்ந்தார். பழைய நண்பரையும் அவர் மறக்கவில்லை. 1870இல் தான் ஹியோக் நீக்கு மேஜர் சீனா என்ற பதவி கிடைத்தது. ஜொகூர்ச் சீனர்களுக்கெல்லாம் அவர் தலைவர். அதே 1870களில் தான் செங் போ, சியாங் ஹோங் லிம் என்ற சிங்கப்பூர்ச் செல்வர்கள் இருவரோடு சேர்ந்து, சிங்கப்பூர், ஜொகூர் இரண்டின் அபின், சாராயக் குத்தகைகளையும் கையில் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். இளைஞர் பக்கத்தில் வெற்றி பெற்றவரைப் பற்றி எழுதும்போது உழைப்பால் உயர்ந்தார் என்று முடித்துவிடுவது எளிது. உழைத்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தின் மறுபக்கத்தில், கப்பல் கூலியைக் கடனாகச் சுமந்துகொண்டு சீனாவிலிருந்து வந்து இறங்கிய சின்கே கூலிகள் இருந்தார்கள். புலி நடமாடும் காட்டில் மரம் வெட்டினார்கள், சட்டி முன்னால் வெந்தார்கள். அரிசியும் காங்சுவிடம், அபினும் காங்சுவிடம். வாங்கிய கூலி மாதக் கடைசிக்குள் கொடுத்தவரிடமே திரும்பிப் போனது. ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடையின் கதை தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் பலருக்குக் கல்லறை கூட இல்லை. தெருவுக்கு வைக்கப்பட்ட பெயர் ஒருவருடையதுதான்.

அரசருக்கும் இது தெரியாமல் இல்லை. 1873இல் காங்சுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதி வைக்கப்பட்டன. முன்பு அரசருக்கும் ஆற்றுத் தலைவருக்கும் இடையிலான பழக்கத்தில் நடந்தவை மெல்ல மெல்ல அலுவலகக் காரியமாக மாறின. அந்த மாற்றத்துக்குப் பிறகு, அதே பத்தாண்டுக்குள், தான் ஹியோக் நீ ஜொகூரை விட்டுச் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார். வணிகமும் வீடும் இனி அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார் போலும். கையில் ஆறுகள் இருந்தபோதே கிளம்பியவர் அவர் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சிங்கப்பூரில் அவர் கட்டிய மாளிகை 1885 வாக்கில் முடிந்தது. தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போகும் நம்மவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம்தான். வளைந்த கூரை முகடும் உள்முற்றமும் கொண்ட தியோச்சூ பாணி வீடு. அந்தக் காலத்தில் தியோச்சூ செல்வர்கள் கட்டிய நான்கு பெரிய மாளிகைகளில் இது ஒன்றுதான் இன்று நிற்கிறது. 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டியவர் அதில் அதிக காலம் இருக்கவில்லை. சொந்த ஊருக்கே திரும்பினார். அங்கே கல் சிற்பங்களோடு ஒரு முன்னோர் மண்டபமும் கட்டியிருந்தார். 1902இல் சீனாவில் காலமானார். மறு ஆண்டு சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆறுகளை ஆண்டவரின் மாளிகை ரயில் நிலைய அதிகாரியின் குடியிருப்பாயிற்று.

ஆற்றுக் கடிதங்களுக்கும் முடிவு வந்தது. காம்பிர் விலை விழுந்தது, ரப்பர் வந்தது, ரப்பரோடு நம் தாத்தாக்களும் வந்தார்கள். 1917இல் காங்சு முறை ஒழிக்கப்பட்டது. அரசர் கொடுத்த உரிமையை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஊர்ப் பெயர்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. நாம் பெக்கான் நானாஸிலிருந்து ஸ்கூடாய் போகும் வழியில் கைகாட்டிப் பலகையில் பார்க்கும் கங்கார் பூலாய் அப்படி வந்த பெயர்தான். கங்கார் தெப்ராவும் அப்படியே. சிங்கப்பூரின் சோவா சூ காங், லிம் சூ காங் பெயர்களில் இருப்பதும் அதே ஆற்றுக் குடியிருப்புதான்.

இனி அப்பாவின் தாள். எங்கள் ஊர் மண் கறுப்புக் கரிமண், தண்ணீர் ஊறிய மண். இங்கே தண்ணீரைக் கொண்டுவருவதைவிட வெளியேற்றுவதுதான் பாடு. பாரிட் வெட்டி நீரை வடித்தால்தான் அன்னாசி நிற்கும். அப்பா அன்னாசித் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்துகொண்டே, ஒரு பாரிட் ஓரமாக இரண்டு ஏக்கருக்கு டி.ஓ.எல். எடுத்திருந்தார். தற்காலிகக் குடியிருப்பு உரிமம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு அது முடிந்துவிடும், கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கெரான் இல்லை. விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது. அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அதை எங்கள் நிலம் என்றே சொல்வார். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் விடுமுறைகளில் அங்கேதான் அன்னாசிக் கன்று நட்டோம்.

ஓர் ஆண்டு அம்மா மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தார். அப்பா புதுப்பிக்க மறந்தார். மறுபடி போய்க் கேட்டபோது அந்த இடம் வேறொருவர் பெயருக்குப் போயிருந்தது. யாரும் விதியை மீறவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் தாளை மடித்து பிஸ்கட் டின்னில் வைத்தார். நட்டிருந்த அன்னாசி பழுக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தான் ஹியோக் நீயின் கடிதம் அப்பாவின் தாளைவிட எவ்வளவோ பெரியது. அதை அவரால் விற்க முடிந்தது, பிள்ளைகளுக்கு விட முடிந்தது. ஆனாலும் இரண்டும் அனுமதிதான். கொடுத்த கை நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இன்று நிலக் கெரான் வைத்திருப்பவருக்கும் அதன் பக்கத்தில் ஓடும் ஆறு சொந்தமில்லை, அது மாநிலத்துடையது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இருக்கும் தாள் எந்த வகை என்று எடுத்துப் பார்த்திருப்பார்கள்?

கேள்வி கேட்ட மாணவிக்கு இதையெல்லாம் பின்னால் வகுப்பில் சொன்னேன். அப்பாவின் தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் நிலத்தின் படம் போட்டிருந்தது. கல் நாட்டாத நிலம் அது. மேற்கே சாலை ஒதுக்கீடு, வடக்கிலும் தெற்கிலும் அடுத்தவர் நிலம், கிழக்கே எல்லை என்று எழுதி ஒரு கோடு. கோட்டின் மேல் அப்பாவின் கையெழுத்தில் பாரிட்டின் பெயர் இருந்தது.