அடி அண்ணாமலையில் வாதவூரடிகள்

மலைவலப் பாதையில், அடி அண்ணாமலையில், மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் உண்டு. திருவெம்பாவையின் 20 பாடல்களும் இங்கே பிறந்தன என்பது மரபு. பாடியவர் ஒரு காலத்தில் அரசுக் கருவூலத்தைக் காத்த அமைச்சர்.

மதுரையை அடுத்த திருவாதவூரில் தோன்றி அரிமர்த்தன பாண்டியனிடம் பணிபுரிந்த அவர், குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். குற்றம் குற்றமே, புராணமும் அதை மறைக்கவில்லை. நரிகளைப் பரிகளாக்கி இறைவன் அடியாரைக் காத்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்துப் பழைய குதிரைகளைக் குதறிவிட்டு ஓடின. (அருள் என்பது எப்போதும் பிறருக்குச் செலவின்றி வருவதில்லை போலும்.) வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார், வெள்ளம் பெருகிற்று. வந்திக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்த இறைவன் முதுகில் பாண்டியனின் பிரம்பு வீழ்ந்தது.

ஹோமரின் இலியாது காவியத்திலும் மனிதன் தெய்வத்தைத் தாக்குகிறான். தியோமிதீசின் ஈட்டியால் கையில் புண்பட்ட அப்ரோதித்தி, ஒலிம்பசு மலையில் தாயின் மடி சேர்ந்து ஆறுதல் பெறுகிறாள். வலி அவளோடு முடிந்தது. மதுரையிலோ அந்த ஓரடி, அடித்த அரசன் உட்பட எல்லா உயிர்கள்மேலும் பட்டது. பாண்டியன் வாதவூரரை உணர்ந்தது அப்போதுதான்.

அமைச்சுப் பதவி மீண்டும் அவரை ஈர்க்கவில்லை. தலங்கள்தோறும் நடந்து அண்ணாமலை சேர்ந்தவர், மார்கழி வைகறையில் தோழியரை எழுப்பும் கன்னியரின் குரலைத் தம் குரலாக்கிக்கொண்டார். பின்னர் தில்லைக்குச் சென்றார். அங்கேயே இறையொளியில் கலந்தார்.