சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மாள்

ஆண்டுதோறும் பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் காலத்தில், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தார் சிலர், தம் பெண்மக்களை மேற்கொண்டு எப்படிப்பில் சேர்ப்பதென்று நம்மைக் கலந்துகொள்வதுண்டு. ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயினி ஆவதற்குரிய படிப்பு என்று நாம் சொன்ன மாத்திரத்தில், அவருள் ஒரு சாரார் முகஞ்சுளிக்கின்றனர். சிறு பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டுவதற்கு இத்தனை வருஷப் படிப்பும் செலவும் எதற்கு என்பது அவர் கேள்வி. மற்றொரு சாரார், பெண் வெளியே போய்ப் படித்தால் உறவினர் என்ன சொல்வரோ என்று அஞ்சுகின்றனர். இவ்விரு சாராரோடும் வாதம் புரிவதினும் ஒருவருடைய சரித்திரத்தை எடுத்துரைப்பதே நலமெனக் கருதினோம். அவர் நம் குலத்தவர் அல்லர். ஆயினும், தம் குலத்தாராலேயே அவர் அடைந்த இன்னலை ஒரு குலத்தார் நடத்தும் இப்பத்திரிகை சொல்லாமல் விடுவது முறையன்று.

சுப்புலக்ஷ்மி அம்மாள் 1886-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாக்ஷி அம்மாள். தஞ்சை ஜில்லா ரிஷியூர் அக்குடும்பத்தாரின் பூர்வீகம். பெற்றோருக்கு இவரே மூத்த மகள். ஒன்பது வயதளவில், செங்கற்பட்டுப் பிரதேசத்தில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையில் முதலாவதாகத் தேறினார். அக்காலத்தில் பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்வி அவ்வளவோடு நின்றுவிடும், அடுத்தது விவாகம். பதினொரு வயதளவில் இவருக்கும் விவாகம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார். விவாகம் இன்னதென்று அறியுமுன்னே வைதவ்யம் வந்து சேர்ந்தது.

இக்காலத்துச் சிறுவர் சிறுமியர்க்கு அந்நிலையைச் சற்று விளக்குதல் வேண்டும். விதவையான பெண், சிறுமியேயாயினும், தலைமயிர் களைந்து, நார்மடி உடுத்து, ஒருவேளை உண்டு, வீட்டின் மூலையிலே காலங்கழிக்க வேண்டும். சுபகாரியங்களில் அவள் முகம் தெரியலாகாது. வெளியே புறப்படுவோர் எதிரே அவள் வந்தால் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டுப் பிறகு புறப்படுவர். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856-ம் வருஷத்திலேயே நிறைவேறிற்று. நம் இராயபுரத்துப் புகைவண்டி நிலையம் திறக்கப்பட்டு, தென்னாட்டில் முதல் வண்டி ஆர்க்காட்டுப் பக்கம் ஓடியதும் அவ்வருஷமே. வண்டி உடனே ஓடத் தொடங்கிவிட்டது. சட்டமோ ஏட்டிலே கிடந்தது. அரைநூற்றாண்டு கடந்தும் அதனால் பயனடைந்தோர் மிகச் சிலரே.

சுப்பிரமணிய ஐயர் மகளின் தலைமயிரைக் களைய ஒருப்படவில்லை. மூலையில் உட்காரவும் விடவில்லை. தாமே அருகிருத்தி ஆங்கிலம் முதலியவற்றைக் கற்பித்தார். அவ்வீட்டிலேயே வாலாம்பாள் என்னும் சித்தியொருவரும் இருந்தார்; அவரும் இளமையில் கணவரை இழந்தவர். பிற்காலத்தில் சுப்புலக்ஷ்மி அம்மாளின் காரியங்களுக்கெல்லாம் உறுதுணையாய் நின்று, ஆதரவற்ற சிறுமியர்க்குச் சமைத்துப் போட்டு வளர்த்தவர் அவரே. பெரியோர் சரித்திரங்களில் இத்தகைய சித்திமாரின் பெயர் அரிதாகவே வருகிறது. ஆதலின் நாம் குறிப்பாகச் சொன்னோம்.

பின்னர் பிரசென்டேஷன் கன்னியர் நடத்திய பாடசாலையில் மகளைச் சேர்த்தார் தந்தையார். தம் குடும்பத்தைத் துறந்து பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட அக்கன்னியரின் ஒழுக்கம் அம்மாளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மதத்தை மாற்றிக்கொள்ளாமலே அவ்வாழ்வை மேற்கொள்ளலாம் என்று அவர் கண்டார். உலகம் அவரைப் பிற்காலத்தில் சகோதரி என்று அழைத்ததன் காரணம் இதுவே.

மெட்ரிகுலேஷன் தேறியபின் அவர் சென்னை இராஜதானிக் கலாசாலையில் சேர்ந்தார். இங்கேதான் குலத்தாரின் கோபம் மூண்டது. விதவை ஒருத்தி ஆடவர் பயிலும் கலாசாலைக்குப் போவதாவது என்று உறவினரும் அயலாரும் தூற்றினர். குடும்பத்தையே சாதிக்குப் புறம்பாக்குவதாக அச்சுறுத்தினர். ஒரு குலத்தார் ஒன்று கூடுவதால் விளையும் நன்மைகளைப் பற்றி இப்பத்திரிகையில் நாம் அடிக்கடி எழுதுகிறோம். உபகாரச் சம்பளம் கொடுப்பதற்குக் கூடுகிறோம், கலியாணத்திற்குக் கூடுகிறோம், சாவுக்கும் கூடுகிறோம். ஒரு சிறுமியின் கையிலுள்ள புத்தகத்தைப் பிடுங்குவதற்கும் அவ்வாறே கூடலாம் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். கூட்டத்தின் பலம் ஒன்றே; அது பாயும் பக்கம் வேறு. அந்தத் தந்தை அஞ்சியிருந்தால் இச்சரித்திரமே இல்லை.

1911-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர் பி. ஏ. பட்டப் பரீக்ஷையில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை இராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி அவரே. அக்காலத்தில் பி. ஏ. பட்டம் உத்தியோக வாயில்களைத் திறக்கும் திறவுகோலாக மதிக்கப்பட்டது. அவரோ எல். டி. என்னும் உபாத்தியாயப் பட்டத்தையும் பெற்று, கற்பிக்கும் தொழிலிலேயே இறங்கினார்.

அதன் காரணம் அறியத் தக்கது. பெண்களுக்குப் பாடசாலைகள் வேண்டுமென்று சர்க்கார் எண்ணிய அந்நாளில், அவற்றில் கற்பிக்கப் பெண்கள் கிடைக்கவில்லை. ஆண் உபாத்தியாயரிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. விவாகமான பெண்ணுக்கோ வீட்டு வேலையே சரியாயிருந்தது. மற்றொரு பக்கத்தில், ஆயிரக்கணக்கான இளம் விதவைகள் வேலையும் கல்வியுமின்றி மூலைகளில் கிடந்தனர். இவ்விரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று மருந்தாகும் என்பதைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் சுப்புலக்ஷ்மி அம்மாள்; மற்றவர் பெண்பாடசாலைகளின் பரிசோதகராயிருந்த கிறிஸ்டினா லிஞ்சு துரைசானி. யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய சிறுமியைப் படிக்கவைத்து, ஊர் முழுதும் வேண்டும் என்று தேடும் உபாத்தியாயினியாக்குவது அவர்கள் யோசனை.

முதலில் சேர்ந்த விதவைச் சிறுமியர் நால்வரே. எழும்பூரில் அம்மாளின் தந்தையார் வீடே அவர்களுக்கு இல்லமாயிற்று. 1912-ல் சாரதா மகளிர் சங்கம் தோன்றி இல்லத்துக்குத் துணைநின்றது. தொகை பெருகப் பெருக வீடு போதவில்லை. கடற்கரையிலே ஐஸ் ஹவுஸ் என்று வழங்கும் கட்டடத்தை 1917-ல் சர்க்கார் வாங்கவே, இல்லம் அங்கே குடியேறிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842-ம் வருஷ அளவில் டியூடர் என்னும் வியாபாரி கட்டியது அது. இன்றுள்ள துறைமுகம் அப்போது இல்லை; கப்பல்கள் தொலைவிலே நங்கூரம் பாய்ச்ச, சரக்கெல்லாம் படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரை சேரும். 1897-ல் விவேகாநந்த சுவாமிகள் தங்கியதும் அக்கட்டடத்திலேதான். பனிக்கட்டி வியாபாரம் நசித்துப் பலகாலம் கழிந்தபின், அங்கே சிறுமியரின் பாடஞ்சொல்லும் ஓசை எழுந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறோம். அவ்வில்லம் பிராமண விதவைகளுக்கே உரியதாயிருந்தது. வைதிகப் பெற்றோர் தம் பெண்களை அனுப்ப வேண்டுமாயின் சமையலும் ஆசாரமும் அவர்கள் வழக்கப்படியே இருத்தல் வேண்டும் என்று அம்மாள் கருதினார். பிற குலத்து விதவைகளின் துயரம் குறைந்ததன்று. அவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றனர் என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்குறை நியாயமானதே என்பது நம் கருத்து. எனினும், அந்தச் சமரசம் இல்லாவிடில் அச்சிறுமியர் ஒருவரும் மூலையை விட்டு எழுந்திருக்கமாட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்வது எளிதன்று.

1922-ல் லேடி வில்லிங்டன் உபாத்தியாயினிப் பயிற்சிக் கலாசாலை தொடங்கப்பெற்றது. அம்மாளே அதன் முதல் தலைவியார். பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பயிற்சி, எட்டாம் வகுப்பளவில் படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி, ஆரம்பப் பாடசாலையில் ஆங்கிலமும் கற்பிக்க வல்லாரை ஆக்கும் பயிற்சி ஒன்று என மூவகை அங்கே நடந்தன. பயில்வோர் கற்பித்துப் பழகுவதற்கென்று மாதிரிப் பாடசாலையொன்றும் உடன் வைக்கப்பட்டது. தானறிந்ததைச் சொல்லிவிடுவது வேறு, குழந்தைக்கு விளங்கவைப்பது வேறு என்பதை நூலில் படித்தால் மட்டும் போதாது. குழந்தைகள் முன்னே நின்று தவறித் தவறித்தான் கற்றல் வேண்டும். அகரம் எழுதிக் காட்ட இத்தனை படிப்பா என்று கேட்போர், ஐந்து வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒருநாள் ஒருமணி நேரம் உட்கார்த்திவைத்துப் பார்க்கட்டும்.

சர்க்கார் இல்லத்தில் பதினெட்டு வயது கடந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்களுக்காக அம்மாள் 1927-ல் சாரதா வித்தியாலயத்தை ஏற்படுத்தினார். பின்னர் இராமகிருஷ்ண மிஷனார் அதனை ஏற்று நடத்தினர். பெண்களின் விவாக வயதைப் பதினான்காக உயர்த்திய சட்டம் 1929-ல் நிறைவேறி அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் விசாரணை நடத்திய ஜோஷி கமிட்டியின் முன்னே அவரும் சாக்ஷியம் அளித்தார். 1942-ல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கென்று ஸ்ரீவித்யா கலாநிலயம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேல்சபையில் நியமன அங்கத்தினராயிருந்தார். 1920-ல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும் 1958-ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அளிக்கப்பட்டன. 1969-ம் வருஷம் டிசம்பர் மாதம் 20-ந் தேதி, வைகுண்ட ஏகாதசி அன்று, உலக வாழ்வை நீத்தார்.

அவர் தலைமை வகித்த கலாசாலை கடற்கரைச் சாலையில் இன்றும் நடைபெறுகிறது. நம்மைக் கலந்துகொள்ள வரும் பெற்றோர் ஒன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். ஆரம்பப் பாடசாலையில் கற்பிக்க பி. எட். பட்டமே போதும் என்றெண்ணிப் பணத்தைச் செலவிட்டோர் பலர். அப்பட்டம் மாத்திரம் அவ்வகுப்புகளுக்குத் தகுதியாகாது என்று சுப்ரீம் கோர்ட்டார் 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பளித்தனர். சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனியொரு வித்தை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதே அதன் கருத்து. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருஷம் பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயம் அதற்குரியது. அதன்மேல் தகுதித் தேர்வும் உண்டு. விண்ணப்பம் எழுதுவதில் ஐயமுடையோர் பெண்ணையும் உடனழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சங்கத்துக்கு வரலாம். என்ன படிக்க விருப்பம் என்பதைப் பெண்ணின் வாயிலிருந்தே கேட்க விரும்புகிறோம்.